உப்புமா வைஃபை

நான் நன்றாகக் கூட்டுவேன், மேடம். கட்டிலுக்கு அடியிலும் கூட்டுவேன். பத்து அறை உள்ள லாட்ஜில் கட்டிலுக்கு அடியில் குனிந்து கூட்டுகிற ஆள் கிடைப்பது கஷ்டம். நீங்கள் மேனேஜரைக் கேட்டாலும் இதை மட்டும் மறுக்க மாட்டார்.

நேற்று போலீஸ் ஸ்டேஷனில் நீங்கள் கேட்ட எதற்கும் எனக்குப் பேச்சு வரவில்லை. "பேச வரலன்னா எழுதியாச்சும் குடும்மா" என்று பேப்பரும் பேனாவும் தந்தீர்கள். எழுத எனக்கு நன்றாக வரும். பத்தாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள். அதனால் பள்ளிக்கூடத்தையே நிறுத்திவிட்டேன். மற்றபடி எழுத்தோடு எனக்குச் சண்டை இல்லை.

லாட்ஜின் நாலாம் நம்பர் அறைக்குப் பெங்களூரிலிருந்து தமிழ்வேந்தன் என்பவர் வந்து பன்னிரண்டு நாள் தங்கினார். ஜன்னலில் உப்பளம் தெரிய வேண்டும், மடியில் லேப்டாப் ஓட வேண்டும், அதற்காகத்தான் மரக்காணம் வரை வந்ததாகச் சொன்னார். ஆனால் லாட்ஜ் வைஃபையை அவர் நம்பவில்லை. சோப்பு டப்பா அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி வைத்திருந்தார். எந்த ஊருக்குப் போனாலும் அது கூடவே போகுமாம். அறையைக் கூட்டும்போது அவராகவே விளக்கினார்.

"பொது வைஃபை பஸ் ஸ்டாண்டு பெஞ்சு மாதிரிம்மா. பக்கத்துல உக்காந்து யாரு எட்டிப் பாப்பான்னு தெரியாது. இந்த ரௌட்டர் இருந்தா அதே பெஞ்சுல நமக்குன்னு ஒரு ரூம்பு கட்டி, உள்ள தாப்பா போட்டுக்கலாம்."

பேசாதவளிடம் மனிதர்கள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். அவர் பாஸ்வேர்டையும் சொன்னார். இன்னொரு விஷயமும் காட்டினார். அந்தப் பெட்டியின் வைஃபையில் சேருகிறவர்களுக்கு முதலில் நாம் எழுதிய ஒரு பக்கத்தைக் காட்டலாம். அடியில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று இருக்கும். அதை அழுத்தினால்தான் நெட் வரும். யாருடைய போன், பக்கம் எப்போது திறந்தது, எப்போது அழுத்தினார்கள் என்று எல்லாம் பதிவாகிவிடும்.

அவர் அறையைக் காலி செய்த அன்று பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. மறந்துவிட்டுப் போனார் என்று எடுத்துக்கொள்ளலாம். அவர் குளிக்கப் போயிருந்தபோது துடைப்பத்தால் அதை உள்ளே தள்ளியது நான்தான். ஆனால் அவரும் ஒரு தடவை குனிந்து பார்த்திருக்கலாம்.

எங்கள் வீடு லாட்ஜின் பின்சுவரை ஒட்டி இருக்கிறது. அடுப்படி ஜன்னலில் பெட்டியை வைத்தேன். அது லாட்ஜ் வைஃபையை வாங்கித் தெருவுக்கே கொடுத்தது. நல்ல பெயராக வைத்தால் சந்தேகப்படுவார்கள் என்று 'உப்புமா' என்று பெயர் வைத்தேன்.

அதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் ரேஷன் கார்டு சரிபார்க்கிறவர்கள் மட்டும்தான். உப்புமா வந்த பிறகு சாயங்காலமானால் சுவரோரம் ஆட்கள். உப்பு வாரிவிட்டு வந்த காலைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்துவிடுவார்கள். உப்பள மேஸ்திரி அய்யனார் தினமும் வீட்டிலிருந்தே நாற்காலி கொண்டுவந்து போட்டுக்கொள்வார்.

"ஏம்மா வைஜெயந்தி, இன்னா உப்புமா ஆறிப்போச்சா? சும்மா சுத்திக்கினே இருக்குது?"

"இப்பத்தான் தாளிச்சிருக்குது மேஸ்திரி, செத்த இரு" என்று என் அம்மா உள்ளிருந்து பதில் சொல்லும். அம்மா அப்படிச் சிரித்துப் பேசி நான் பார்த்ததில்லை.

முதல் வாரம் அந்தப் பக்கத்தில் ஒழுங்கான விதிகளைத்தான் எழுதினேன். ஒன்பது வரி. இரண்டு நாள் யோசித்து எழுதியது. பக்கம் திறந்து ஒரு விநாடிக்குள் எல்லோரும் அழுத்திவிட்டார்கள். ஒருவர்கூடப் படிக்கவில்லை. எனக்கு வருத்தம் என்று சொல்ல முடியாது. சோதித்துப் பார்க்கத் தோன்றியது, அவ்வளவுதான். விதிகளை எடுத்துவிட்டு ஒரே வரி போட்டேன்: "வேலம்மாளின் கோழியைத் திருடியது நான்தான் என்று ஒப்புக்கொள்கிறேன்."

முப்பத்தோரு பேர் ஒப்புக்கொண்டார்கள். அதில் வேலம்மாளும் உண்டு.

மறுநாள் "நான் ஒரு கழுதை" என்று போட்டேன். அய்யனார் மேஸ்திரி அன்று மட்டும் நாலு தடவை ஒப்புக்கொண்டார். யாருக்கும் இதில் ஒரு கெடுதலும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பிறகு தமிழ்வேந்தன் லாட்ஜுக்குப் போன் செய்தார். மேனேஜர் சிவப்பிரகாசம் கூட்டுகிற இரண்டு பேரையும் கூப்பிட்டு நிறுத்தினார். நானும் மேரிசெல்வி அக்காவும். அக்கா ஒன்பது வருடமாக அங்கே வேலை செய்கிறார். ஒரு சோப்புத் துண்டைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும், எனக்குப் பதிலாகப் பேசுவதும் அவர்தான்.

"ஒருத்திதான் எடுத்திருப்பீங்க. யாருன்னு சனிக்கிழமைக்குள்ள தெரியணும். தெரியலன்னா ரெண்டு பேரும் வீட்டப் பாத்துப் போங்க" என்றார் மேனேஜர்.

"என்ன இன்னா வேணா சொல்லு சார். இந்தப் புள்ளயச் சொல்லாத. இது வாயில்லாப் பூச்சி" என்றார் அக்கா.

நான் யோசித்தேன். பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் எங்கள் வீட்டுச் சுவரோரம் மறுபடி காலியாகிவிடும். கொடுக்காவிட்டால் இரண்டு பேருக்கு வேலை போகும். இரண்டு பேருக்குப் போவதைவிட ஒருவருக்குப் போவது மேல். இதில் எனக்குத் தப்பாக எதுவும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் பக்கத்தை மாற்றினேன். அம்மாவின் வீட்டுப் பத்திரத்தில் படித்த வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டேன்: "லாட்ஜின் நாலாம் நம்பர் அறையிலிருந்து வெள்ளைப் பெட்டியை எடுத்தது நான்தான். யாருடைய தூண்டுதலும் இல்லாமல், சுயநினைவோடு ஒப்புக்கொள்கிறேன்." பதின்மூன்று பேர் அழுத்தினார்கள். ஆறு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு மேரிசெல்வி அக்காவும் வந்தார். கோயம்புத்தூரில் இருக்கும் மகளோடு வீடியோவில் பேச அவர் தினமும் அந்த நேரத்துக்கு வருவார். அவரும் அழுத்தினார்.

பதிவைப் படம் பிடித்து, மற்ற பதின்மூன்று பேரை நீக்கிவிட்டு, பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தேன். லாட்ஜுக்கு வந்திருந்த நெட் பில்லின் உறைக்குள் அந்தத் தாளைச் செருகி மேனேஜர் மேஜையில் வைத்தேன். யார் அனுப்பியது என்று அதில் நான் எழுதவில்லை. அது நெட் கம்பெனியிலிருந்து வந்தது என்று அவராகவே முடிவு செய்துகொண்டார்.

"சிஸ்டத்துலயே வந்திருக்குது பாரு. உம் போனு, உம் பேரு. ஆறு பன்னண்டுக்கு ஒத்துக்கினு இருக்க."

"நான் எப்ப சார் ஒத்துக்கினேன்? நான் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லலியே."

"பட்டன அமுத்துனியா இல்லியா?"

"அமுத்துனேன். ஆனா..."

"தெரியாம கை பட்டுடுச்சுன்னு கத வுடாத. பக்கம் தொறந்து நாப்பது செகண்டு கழிச்சு அமுத்தியிருக்க. நல்லாப் படிச்சு, யோசிச்சு அமுத்தியிருக்க."

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீயாச்சும் சொல்லுடி" என்றார்.

நான் பேசாதவள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். நான் பேசாமல் நின்றதில் யாரும் எதையும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார். இப்போது பத்து அறையையும் நான் ஒருத்தியே கூட்டுகிறேன். வேலை அதிகம். அதைப் பற்றி நான் புகார் சொன்னதில்லை.

தமிழ்வேந்தன் விடாமல் புகார் கொடுத்ததால் நீங்கள் எங்கள் தெருவுக்கு வந்தீர்கள். அய்யனார் மேஸ்திரியின் நாற்காலியில் உட்கார்ந்து போனைத் திறந்தீர்கள். அன்று மறுபடி கோழியைப் போட்டிருந்தேன். நீங்களும் அழுத்தினீர்கள், மேடம். நேரம் நாலு மணி ஐந்து நிமிடம். அதை நான் யாரிடமும் காட்டப் போவதில்லை. உங்களோடு வந்த கான்ஸ்டபிள்தான் தன் போனில் அந்த வரியை வாய்விட்டு வாசித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மேடம், கோழி திருடுனத ஒத்துக்கினாத்தான் நெட்டாம்." அப்புறம்தான் நீங்கள் இது எங்கிருந்து வருகிறது என்று தேடி அடுப்படிக்கு வந்தீர்கள். இத்தனை நாளில் நான் எழுதியதை முழுதாகப் படித்த முதல் ஆள் அந்தக் கான்ஸ்டபிள். மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்தும் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது.

கடைசியாக, அந்த நாற்பது விநாடியில் என்ன நடந்தது என்று கேட்டிருந்தீர்கள்.

மேரிசெல்வி அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதுவார், அது மட்டும்தான். இது மேனேஜருக்குத் தெரியாது. ஊரில் என் ஒருத்திக்குத்தான் தெரியும். மருந்துச் சீட்டு, பஸ் போர்டு எல்லாம் நான்தான் அவருக்குக் காதோரமாகப் படித்துச் சொல்வேன். "எனக்குப் படிக்கத் தெரியாது சார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று அவர் தப்பியிருப்பார். வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை. அது அவருடைய விருப்பம்.

தினமும் போனை என்னிடம் நீட்டுவார், நான் அழுத்தித் தருவேன். அன்று நான் கையை நீட்டவில்லை.

"இன்னாடி, இன்னிக்கு வேற மாதிரி இருக்குது? இன்னா போட்டிருக்குது?" என்றார்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்று பேசினேன். "நீ அந்தப் பெட்டிய எடுக்கலன்னு போட்டிருக்குதுக்கா. அமுத்து" என்றேன்.

அவர் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு அழுத்தினார். நான் அவர் விரலைத் தொடவே இல்லை, மேடம். இதை மட்டும் மறக்காமல் பதிவு செய்யுங்கள்.