பாக்கெட் கிரேயான்கள்

அம்மா: உக்காராதடி! அதுவும் இங்க வேடிக்கை பாக்க வச்ச பொருளா இருந்து தொலைக்கப் போகுது.

மகள்: இது பெஞ்சும்மா.

அம்மா: சுத்திக் கயிறு கட்டியிருக்கா பாரு.

மகள்: கயிறும் இல்ல, கண்ணாடியும் இல்ல. நம்மள மாதிரி ஆளுங்க உக்காரத்தான் போட்டிருக்காங்க. வா.

அம்மா: நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இங்க எவன் பெஞ்சு போட்டான்? சரி, நகரு... மெதுவா பேசு. சுவத்துல பட்டு நம்ம பேச்சு நமக்கே திரும்பி வருது.

மகள்: பதினோரு வருஷமா இந்த ஓவியக்கூடத்த பஸ்ஸிலேருந்து பாத்துக்கிட்டே சலவைக்கடைக்குப் போறே. ஒரு நாள் கூடவா உள்ள வரல?

அம்மா: யாரு கூப்பிட்டா? வாசப்படியே இருபது இருக்கு. மூச்சு வாங்க ஏறி வந்து, போன்னு சொல்லிட்டா? அதுக்கு பஸ்ஸிலேருந்து பாக்குறது எவ்வளவோ மேல்.

மகள்: இன்னிக்குக் கூப்பிட்டிருக்காங்கல்ல... என் பேரு போட்டு லெட்டர் வந்துச்சுல்ல.

அம்மா: வந்துச்சு, வந்துச்சு. எத்தனை பேரை எடுக்குறாங்களாம்?

மகள்: எட்டுப் பேரும்மா. எத்தனை தடவை சொல்றது! சனிக்கிழமை சனிக்கிழமை ஓவிய வகுப்பு, ஒரு வருஷம். பேப்பர், கலர் எல்லாம் அவங்களே தருவாங்க. என் படம் இருக்குற அந்த ஃபைலைக் குடு...

அம்மா: கைய எடு!

மகள்: ஏன் இந்தக் கத்து கத்துறே?

அம்மா: முடிச்சு போட்டு வச்சிருக்கேன். அவுத்தா திருப்பிக் கட்ட வராது.

மகள்: சரி... வேணாம்.

அம்மா: என்னடி, உடனே சரிங்குறே? ஒண்ணு சொன்னா ஒன்பது எதிர்ப்பேச்சு பேசுறவளாச்சே நீ.

மகள்: பேசினாலும் திட்டுறே, பேசாட்டியும் திட்டுறே.

அம்மா: விரல்ல என்ன பிளாஸ்திரி?

மகள்: பென்சில் சீவும்போது பிளேடு பட்டுடுச்சு.

அம்மா: நீ பென்சிலத் தொட்டு எத்தனை நாளாச்சு? எல்லாம் கிரேயான்தானே?

மகள்: ஸ்கூல்லம்மா... விடேன். உள்ள போனா, கிரேயான் எங்க வாங்கினேன்னு கேப்பாங்களா?

அம்மா: கேட்டா உள்ளதச் சொல்லு. கடைக்கு சலவைக்கு வர்ற பிள்ளைங்க சட்டைப் பாக்கெட்ல கிடந்த துண்டுன்னு சொல்லு. முதலாளிகிட்ட கேட்டுத்தான் எடுத்தேன், திருடல.

மகள்: ஒரே ஒரு தடவை ஒண்ண விட்டுட்டியே, சிவப்பு...

அம்மா: அத ஏன் கேக்குறே! நாப்பது வெள்ளைச் சட்டை. மொத்தமும் ரோஸ் கலராகி வெளிய வந்துச்சு. முதலாளி ஆடுன ஆட்டம் இருக்கே... அன்னியிலேருந்து பாக்கெட்டைத் துழாவாம ஒரு துணிய நான் தொட்டதில்ல. சூடு பட்டா கிரேயான் என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? சொல்லு, எனக்குத் தெரியாதா?

மகள்: இதுக்கு ஏம்மா கண்ணு கலங்குறே?

அம்மா: ஏசி... ஒத்துக்கல.

மகள்: ம்...

அம்மா: ஏய்... வீட்டுக்குப் போயிடலாமா?

மகள்: விளையாடுறியா? அடுத்தது நாமதான்.

அம்மா: அடுத்த வருஷம் வரலாம்டி. இன்னும் நல்லா நாலு படம் வரைஞ்சு எடுத்துக்கிட்டு...

மகள்: அடுத்த வருஷம் எனக்குப் பதினேழு. பதினாறு வரைக்கும்தான் எடுப்பாங்க.

அம்மா: அப்ப இந்த ஒரு தடவைதானா?

மகள்: நான் முகம் கழுவிட்டு வரேன். கூப்பிட்டா, இருக்கான்னு சொல்லு. ஓடிடாதே.

அம்மா: எங்க ஓடுறது... போ, சீக்கிரம் வா.

ஓவிய ஆசிரியை: அடுத்தது யாரு? நீங்களாம்மா? பொண்ணு எங்க?

அம்மா: முகம் கழுவப் போயிருக்கு மேடம்... நீங்கதான் எடுக்குறவங்களா?

ஓவிய ஆசிரியை: நான்தான். ஃபைலைக் குடுங்க, பாத்துக்கிட்டே இருக்கேன்.

அம்மா: அது வந்து... மேடம், அவ வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்லிடுறேன். அவ நல்லாத்தான் வரைஞ்சா. எங்க எதிர் வீட்டு மாடி, வரிசையா ஜன்னல், ஒவ்வொண்ணுலயும் மஞ்சளா வெளிச்சம். உயிரக் குடுத்து வரைஞ்சா. சுருட்டி வச்சதுல பேப்பர் வளைஞ்சு கிடந்துச்சு. இப்படியா கொண்டு போறதுன்னு, மேல துணியப் போட்டு... நான்தான் தேச்சுட்டேன் மேடம்.

ஓவிய ஆசிரியை: தேச்சீங்களா? இஸ்திரியா?

அம்மா: என் தொழிலே அதுதான். வளைஞ்சத, கசங்கினதப் பாத்தா கை சும்மா இருக்காது. ஒரே இழுப்பு. துணியத் தூக்கினா... ஜன்னலெல்லாம் உருகி ஓடிடுச்சு. அவளுக்கு இன்னும் தெரியாது. ரெண்டு நாளா சொல்ல வாய் வரல. அவ மேல தப்பில்ல மேடம். அவளுக்கு ஒரு பேப்பர் குடுத்து இங்கயே வரையச் சொல்லுங்க, நான் வெளிய தெருவுல நிக்குறேன்...

ஓவிய ஆசிரியை: இருங்க, இருங்க. இந்த முடிச்சு வர மாட்டேங்குது.

அம்மா: இழுங்க, ஒரே இழுப்புல வரும்... அட, இது என்ன முடிச்சு? இது நான் போட்டது இல்லையே!

ஓவிய ஆசிரியை: அவுந்துடுச்சு... இதுல எதை நீங்க தேச்சீங்க?

அம்மா: எதைன்னா? ஒண்ணுதானே இருக்கு.

ஓவிய ஆசிரியை: நாங்களும் ஒண்ணுதான் கேட்டோம். இங்க அஞ்சு இருக்கே.

அம்மா: அஞ்சா?

ஓவிய ஆசிரியை: அஞ்சும் தேச்சதுதான். இதுதானே அந்த ஜன்னல்? வெளிச்சமெல்லாம் வழிஞ்சு தெரு வரைக்கும் இறங்கியிருக்கு. இது என்ன, சலவைக்கடையா?

அம்மா: எங்க கடைதான் மேடம்! அது என் மேசை... ஐயோ, நீராவி அப்படியே எழும்புது பாருங்க. இது... பஸ்ல தூங்குறது நானா? வாயத் திறந்துக்கிட்டா தூங்குறேன்? இதெல்லாம் நான் பாக்கவே இல்லையே...

ஓவிய ஆசிரியை: நீராவிய இப்படிக் கொண்டு வர நானே தடுமாறுவேன்... வாம்மா, வா. உன்னப் பத்தித்தான் பேசுறோம். சனிக்கிழமை காலையில ஒன்பது மணிக்கு வந்துடு. இஸ்திரிப் பெட்டி இங்க கிடையாது, அத நீதான் கொண்டு வரணும்.

அம்மா: இவள எடுத்துட்டீங்களா மேடம்? நிஜமாவா? ...ஏய், இங்க வாடி. அந்த விரலக் காட்டு. பிளாஸ்திரியப் பிரி... பிளேடு பட்டதா இது? யாருகிட்ட கதை விடுறே? பதினோரு வருஷமா இந்தக் கொப்புளத்தப் பாக்குறவ நான்!

மகள்: நீ ஃபைலைக் கட்டி அலமாரி மேல ஒளிச்சு வச்ச அன்னிக்கே அவுத்துப் பாத்துட்டேம்மா. அழலாம்னுதான் உக்காந்தேன்... ஆனா அந்த ஜன்னலப் பாக்கப் பாக்க அழுகையே வரல. மறுநாள் நீ வேலைக்குப் போனதும், உனக்குக் காட்டாம வரைஞ்சு வச்சிருந்த மத்த நாலையும் நானே தேச்சு உள்ள வச்சுக் கட்டினேன். நீயா சொல்லுவே, சொல்லுவேன்னு ரெண்டு நாளா உன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தேன், நீ வாயே திறக்கல... ஆமா, உனக்கு மட்டும் எப்படிம்மா விரல் சுடாம வருது?