விமானத்தில் துளையிட்ட ரேலின் டார்கெட் அவர்களுக்கு

பயணிகளைச் சுமந்து சலித்த பழைய விமானத்தை, பனிமுகிலைப் படிக்கும் பறக்கும் ஆய்வுக்கூடமாகப் பண்படுத்திய பெருமாட்டியே! ஹோபார்ட் விமானக் கொட்டகையின் கோபக்காரத் தலைமைப் பொறியாளரே! அன்பும் அச்சமும் சரிபாதியாகத் தங்கள் முன் தலைவணங்குகிறோம்.

இன்று ஓய்வுபெறும்வரை இருபத்தாறு ஆண்டுகள்! இருக்கைகளைப் பிடுங்கிய இடத்தில் கருவிகளை இருத்தினீர்கள். சன்னல்களைக் கழற்றிய இடத்தில் வெளிக்காற்றைக் கருவிகளுக்கு இழுத்துத் தரும் குழாய்களைச் செருகினீர்கள். இறக்கையடியில் தாங்கள் மாட்டிய கருவி, தெற்குப் பெருங்கடலின் சூறைக்காற்றிலும் கழன்றதில்லை. இன்னொரு துளை வேண்டுமென்று எந்த விஞ்ஞானி வந்து நின்றாலும், இது விமானமா சல்லடையா என்று கேட்டு விரட்டுவீர்கள். மறுநாள் காலையில் துளை தயாராக இருக்கும்.

ஆனால் தெற்குக் கடல்மேல் நாம் பறந்த அந்த மூன்றாம் கோடையைச் சொல்லாமல் விட்டால் இம்மடல் பொய்யாகிவிடும்.

தெற்குக் கடலிலிருந்து ஒரு வாயு எவரும் எதிர்பாராத அளவில் எழுவதாக எங்கள் விஞ்ஞானி ஹேமிஷ் பேட்ஜெட் கண்டறிந்திருந்தார். முகில்கள் அதனால் பெருகுகின்றன, புவி வெப்பக் கணக்குகளையே திருத்த வேண்டிவரும் என்று பூரித்துப்போயிருந்தார். கட்டுரை திங்களன்று அச்சுக்குப் போகவிருந்தது. வெள்ளிக்கிழமை மதியம், தங்கள் வேலைக் குறிப்பேட்டோடு அவர் மேசைக்கு வந்தீர்கள். குழாய் வாயைச் சுற்றித் தாங்கள் புதுப் பசை பூசிய நாள்களையும், வாயு உச்சம் தொட்ட நாள்களையும் விரல் வைத்துக் காட்டினீர்கள். ஒவ்வொரு முறையும் பூசிய மறுநாளே உச்சம். பசை காயக் காய வாயுவும் குறைந்திருந்தது.

"அது கடல்ல இருந்து வரல, ஹேமிஷ். நான் பூசுன பசைல இருந்து வருது. தப்பு என்னுது."

இது வேறு யாருக்காவது தெரியுமா என்று கேட்டார் அவர்.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே. அது போதாதா?"

வாய்மூடி இருந்திருந்தால் தங்கள் பெயரில் ஒரு கீறலும் விழுந்திராது. மூன்று கோடைகளின் பதிவுகள் குப்பைக்குப் போயின. பிழை தங்களுடையதென்று தாங்களே எழுதிக் கையெழுத்திட்டீர்கள். பிறகு குழாயைப் புதிதாக, பசையே இல்லாமல் பொருத்தித் தந்தீர்கள். மீண்டும் பறந்தோம். கிடைத்தது சின்னஞ்சிறு எண்தான், ஆனால் உண்மையான எண். நம் அளவுகளை மற்றவர்கள் கேள்வி கேட்காமல் நம்புவது அன்று தொடங்கியது.

புரூனித் தீவில் தங்கள் படகும் தூண்டிலும் காத்திருக்கின்றன. நோயறியா உடலும் நொடிப்பறியா மனமுமாக நெடுங்காலம் வாழ்க! அங்கே மீன்களையாவது திட்டாமல் பிடியுங்கள்.

இம்மடலை எழுதச் சொன்னபோது நான் மறுத்தேன். அந்த ஹேமிஷ் நான்தான். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு பதினான்கு மாதங்கள் தங்களோடு நான் ஒரு சொல்லும் பேசவில்லை. அந்தப் பதினான்கு மாதங்களும், நான் ஏறவிருந்த விமானத்தை ஒவ்வொரு முறையும் தங்கள் கையாலேயே சோதித்த பிறகுதான் என்னை ஏறவிட்டீர்கள். எல்லார் முன்னிலையிலும் கேட்கிறேன்: மன்னித்துவிடுங்கள், ரேலின்.

கொட்டகை ஊழியர் அனைவர் சார்பிலும்,
ஹேமிஷ் பேட்ஜெட்