ஜேர்மன் பூட்டு

படுக்கப் போகுமுன் கேட்டைப் பூட்டினேனா என்று இரண்டாம் தரமும் எழுந்துபோய்ப் பார்க்கிற ஆள் நான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஐயா. நீங்களும் பார்ப்பீர்கள்.

நான் வேலை செய்கிற கந்தோரில் ஒருவருடைய போனுக்குள் எவனோ புகுந்து, மகளுடைய படங்களை எல்லாம் எடுத்துவிட்டான். அன்று பின்னேரமே என் மனைவி கஜாலினியின் போனை வாங்கிக்கொண்டு கண்டி டவுனில் அஸ்ஃபரின் போன் கடைக்குப் போனேன். அக்குறணைக்காரர், தொழில் தெரிந்தவர்.

"விபிஎன் ஒண்டு போடுவம் சேர். வீட்டில இருந்து என்ன செஞ்சாலும் வெளியாக்கள் பார்க்க ஏலாது" என்றார். பிறகு ஒரு பட்டியலைக் காட்டினார். "எந்த நாட்டைப் போட? உங்கட நெட் அந்த நாட்டுக்குள்ளால சுத்தித்தான் வரும்."

"எது திறம்?"

"ஸ்பீடுக்கு சிங்கப்பூர் நல்லம்."

"ஜேர்மனியைப் போடுங்கோ. ஜேர்மன் சாமான் லேசில பழுதாகாது."

"இது மிக்ஸி இல்ல சேர்" என்று சிரித்தார். ஆனாலும் ஜேர்மனியையே அமுக்கித் தந்தார்.

விபிஎன்னை ஒருபோதும் நிற்பாட்டக்கூடாது என்று கஜாலினியிடம் சொன்னேன். மின்னஞ்சல் பார்த்து முடிந்ததும் கணக்கை விட்டு வெளியே வந்துவிட வேண்டும், அடுத்த முறை கடவுச்சொல் போட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்றும் சொன்னேன். "இதென்னப்பா, வீட்டுக்குள்ளயே விசா எடுக்கிற மாதிரி" என்று முணுமுணுத்தாள். ஆனால் செய்தாள். அவளுடைய கணக்கை யார் திறந்தாலும் எனக்கு எச்சரிக்கை வரும்படி செய்துகொண்டேன். அவளுடைய நன்மைக்குத்தான்.

முதல் எச்சரிக்கை வந்தபோது நான் கந்தோரில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். யாரோ அவளுடைய கணக்கைத் திறந்திருக்கிறார்கள். இடம், பிராங்பேர்ட், ஜேர்மனி.

பிராங்பேர்ட்டில் எங்களுக்குத் தெரிந்தவன் ஒருவன்தான். சஞ்சயன், கஜாலினியின் மாமி மகன். யாழ்ப்பாணத்தில் ஒரு காலத்தில் அவளுக்கு அவனைத்தான் பேசியிருந்தார்கள். அவன் வெளிநாடு போனதில் அந்தப் பேச்சு நின்றுபோனது. அதன் பிறகுதான் நான்.

நான் ஆத்திரப்படவில்லை. கடவுச்சொல்லை மாற்றி அவளுக்கு மட்டும் சொன்னேன். மறுநாள் திரும்பவும் பிராங்பேர்ட். அப்படியென்றால் அவனுக்குக் கொடுத்தது யார்? நீங்களே சொல்லுங்கள். அவளுடைய போனை எடுத்துப் பார்த்தேன். வருகிற விளம்பரமெல்லாம் ஜேர்மன் மொழியில். பாஷை படிக்கிற அளவுக்குப் போய்விட்டது என்று விளங்கிக்கொண்டேன்.

கண்டிப் பெரஹெரா ஊர்வலம் பார்க்கவென்று சஞ்சயன் வந்து இறங்கினான். பெட்டி நிறையச் சாக்லேட். சாப்பாட்டு மேசையில் அவளுடைய போனை வாங்கி ஏதோ தேடியவன் சிரிக்கத் தொடங்கினான்.

"என்னடி கஜா, உன்ர போன் முழுக்க ஜேர்மன் விளம்பரம்? நான் கண்டியில, நீ பிராங்பேர்ட்டிலயோ?"

"ஓம் மச்சான், நான் எப்பவோ அங்க வந்திட்டன்."

என் முகத்துக்கு நேரே, என் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு.

மறுநாள் காலை அவனை ஹந்தானை மலைக்குக் கூட்டிப்போனேன். தோட்டத்து லயன் வீடுகளைத் தாண்டினால் தேயிலைக்குள் ஒற்றையடிப் பாதை. "சயந்தண்ணை, என்ன குளிர்மை" என்று அவன் படம் எடுத்துக்கொண்டு நின்றான். காரின் வீல் ஸ்பேனரை நான் துவாய்க்குள் சுற்றி எடுத்து வந்திருந்தேன். ஒரே அடியில் முடியும் என்றுதான் எண்ணினேன். தலை அவ்வளவு கெட்டி என்று யாருக்குத் தெரியும்? விழுந்த பிறகும் "ஏன் அண்ணை, ஏன் அண்ணை" என்று கேட்டுக்கொண்டிருந்தான். பதில் சொல்லப்போனால் வாக்குவாதம் வரும். சத்தம் நிற்கும்வரை அடித்தேன். முகம் அடையாளம் தெரியாமல் போனதற்கு அதுதான் காரணம். கோபம் அல்ல.

வீட்டில் கஜாலினி இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள்.

"சஞ்சயன் எங்கையப்பா? உங்கட சேட்டில என்ன கறை?"

எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

"ஐயோ, அது நான்தானப்பா. இந்த அடுப்படியில நிண்டுதான் திறந்தனான்."

அடுப்படியில் நிற்கிறவள் பிராங்பேர்ட்டில் எப்படி இருப்பாள்? ஒரு பொய்யைக்கூட யோசித்துச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு மனவருத்தம். சார்ஜர் வயர் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது. கழுத்தைச் சுற்றி இழுத்தேன். மெல்லிய வயர், என் உள்ளங்கையையும் அறுத்துவிட்டது, பாருங்கள். அவள் கால் பட்டு மாச்சட்டி உருண்டு ஓடியது. கால் அசைவு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். எதையும் அரைகுறையாக விடுவது எனக்குப் பழக்கமில்லை. பிறகு கைகழுவி, அவளுடைய போனையும் எடுத்துக்கொண்டு, கேட்டைப் பூட்டிவிட்டு ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன்.

சற்று முன் உங்கள் பொலிஸ் பிள்ளை கஜாலினியின் போனை இந்த மேசையில் வைத்து, நான் சொன்ன கடவுச்சொல்லைப் போட்டு அவளுடைய மின்னஞ்சலைத் திறந்தாள். அந்தக் கையோடு என் போனில் எச்சரிக்கை வந்தது. பிராங்பேர்ட், ஜேர்மனி. நீங்கள் இருவரும் எதற்காக என்னையே பார்க்கிறீர்கள்? போனைப் பாருங்கள், ஐயா. சஞ்சயன் தேயிலைக்குள் கிடக்கிறான். அப்படியென்றால் அங்கே இன்னும் ஒருவன் இருக்கிறான்.

அவன் யாரென்று கஜாலினியிடம் கேட்டிருக்கலாம். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன்.