ஆம்ப்ரோஸ் கோக்காத வரி

உர்சுலா: ஏன் நிறுத்திட்டீங்க? படிங்க.

ஆம்ப்ரோஸ்: தண்ணி சூடு போதுமான்னு பார்த்தேன். கால வெளிய எடுக்காதே, உப்பு இன்னும் கரையல.

உர்சுலா: உப்பு அதுபாட்டுக்குக் கரையும். நீங்க பேப்பரப் படிங்க.

ஆம்ப்ரோஸ்: பசியாறிட்டுப் படிக்கலாமே. ரொட்டி ஆறுது...

உர்சுலா: பதினோரு வருசமா இந்த வீட்ல என்ன வழக்கம்? நான் ஆடுவேன். நூர்தீன் பேப்பருக்கு எழுதுவாரு. நீங்க அச்சுக் கோப்பீங்க. பேப்பர் வந்த காலையில நான் வெந்நியில கால வெச்சுக்கிட்டு உட்காருவேன், நீங்க படிச்சுக் காட்டுவீங்க. இன்னைக்கு மட்டும் என்ன ரொட்டி?

ஆம்ப்ரோஸ்: சரி, சரி. முதல் பக்கம் பூராத் தேர்தல் சேதி. நீ மூணாம் பக்கம். 'வெள்ளிக்கிழமை மாலை விக்டோரியா மண்டபத்தில் திருமதி உர்சுலா ஆடிய நடனம்...'

உர்சுலா: 'திருமதி' அவரு போட்டதா, நீங்க சேர்த்ததா?

ஆம்ப்ரோஸ்: அவருதான் லா. நான் ஒரு புள்ளி சேர்ப்பேனா? இருபத்திரண்டு வருசத்துல ஒரு புள்ளி?

உர்சுலா: கோவப்படாதீங்க. சும்மா கேட்டேன்.

ஆம்ப்ரோஸ்: '...அபிநயத்தில் அவர் கண்கள் பேசின. ஆனால் எல்லாரும் காத்திருந்த தில்லானாவை அவர் ஆடவில்லை. துள்ளி ஆடவேண்டிய அந்த இடத்தில், மேடையில் அமர்ந்தபடியே ஒரு பதம் பிடித்தார்...' ஏன் உர்சு, முட்டிதானே?

உர்சுலா: முட்டிக்கு ஒண்ணுமில்ல.

ஆம்ப்ரோஸ்: வெள்ளிக்கிழமையே கேட்டேன், மழுப்பிட்ட. மூணாவது வரிசையில உட்கார்ந்திருந்தேன். நீ அப்படியே தரையில உட்கார்ந்ததும் எனக்கு உசுரே போச்சு.

உர்சுலா: பதம் எப்படி இருந்துச்சு?

ஆம்ப்ரோஸ்: அத ஏன் கேக்குற... பக்கத்துல இருந்த சீனக் கிழவர் கண்ணத் தொடைச்சுக்கிட்டாரு. பாஷை தெரியாத மனுசன்!

உர்சுலா: நீங்க?

ஆம்ப்ரோஸ்: எனக்குத் தும்மல் வந்துச்சு.

உர்சுலா: ம்... தும்மல். மேல படிங்க.

ஆம்ப்ரோஸ்: அவ்வளவுதான். முடிஞ்சுது.

உர்சுலா: இன்னும் ரெண்டு வரி இருக்கு. இங்கருந்தே தெரியுது.

ஆம்ப்ரோஸ்: '...அவர் இன்னும் பல்லாண்டு நம் மேடைகளை அலங்கரிப்பார். இந்த இனிய காரணத்திற்காக நாமும் அவரை வாழ்த்தி வழியனுப்புவோம்.'

உர்சுலா: என்னது? திரும்பப் படிங்க.

ஆம்ப்ரோஸ்: '...பல்லாண்டு நம் மேடைகளை அலங்கரிப்பார். இந்த இனிய காரணத்திற்காக...'

உர்சுலா: பல்லாண்டு ஆடப் போறவள எதுக்கு வழியனுப்பணும்? எந்த இனிய காரணம்?

ஆம்ப்ரோஸ்: நூர்தீன் எழுத்து அப்படித்தான். சுத்தி வளைச்சு எங்கயோ போய் நிப்பாரு.

உர்சுலா: 'பல்லாண்டு', 'அலங்கரிப்பார்'... நூர்தீன் இப்படி எழுத மாட்டாருங்க. நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி ஒருத்தர் எனக்கு எழுதின கடுதாசியில இருந்துச்சு. 'என் இல்லத்தைப் பல்லாண்டு அலங்கரிக்க வா.'

ஆம்ப்ரோஸ்: அத... இன்னுமா வெச்சிருக்க?

உர்சுலா: வெச்சிருக்கேன். பேச்ச மாத்தாதீங்க.

ஆம்ப்ரோஸ்: கொஞ்சம் வெந்நி ஊத்தட்டுமா?

உர்சுலா: வேணாம். இன்னைக்குப் பூசை முடிஞ்சு வெளிய வந்தா, கோயில் வாசல்ல நம்ம நடனக் குழு கோவிந்தசாமி அண்ணன் நிக்கிறாரு. கையில பேப்பர். 'பல்லாண்டுன்னு போட்டுட்டாங்களே தங்கச்சி! ஈப்போ, தைப்பிங், பினாங்குன்னு ஊர் ஊரா ஆறு வாரம் ஆட்டம். அடுத்த மாசம் ரயில் ஏறணும்'ங்கிறாரு.

ஆம்ப்ரோஸ்: நல்லதுதானே. போயிட்டு வா.

உர்சுலா: போகவா?

ஆம்ப்ரோஸ்: ஆட்டம்னா உனக்கு உசுராச்சே. முட்டிக்குத் தைலம் தேய்ச்சு, கட்டுப் போட்டு...

உர்சுலா: என்னங்க. என் மூஞ்சியப் பாருங்க. எந்த வரிய எடுத்தீங்க?

ஆம்ப்ரோஸ்: எடுத்தேனா? நானா? தண்ணி ஆறிடுச்சு பாரு...

உர்சுலா: மாதா மேல ஆணையாச் சொல்லுங்க.

ஆம்ப்ரோஸ்: அவள எதுக்கு இதுல இழுக்குற... எடுத்தேன். ஒரு வரி. எடுத்துட்டு என் சொந்த வரிய வெச்சேன். போதுமா?

உர்சுலா: என்ன வரி?

ஆம்ப்ரோஸ்: அத நான் சொல்ல மாட்டேன். அந்த நூர்தீன் இந்த வீட்ல எத்தன தடவ சாப்பிட்டிருப்பாரு! கிறிஸ்மஸ்னா முதப் பந்தியில உட்காருவாரு. ஒரு நாள் நீ உட்கார்ந்து ஆடிட்ட... அதுக்கு இப்படியா எழுதுறது?

உர்சுலா: சொல்லுங்க. எனக்குத் தாங்கும்.

ஆம்ப்ரோஸ்: எனக்குத் தாங்கலடி! 'உர்சுலா சலங்கையைக் கழற்றி வைக்கும் நேரம் வந்துவிட்டது.' இதான். மத்தவங்களுக்கு என்ன, படிச்சிட்டுப் போயிருவாங்க. நான் ஒவ்வொரு எழுத்தாப் பெட்டியிலருந்து பொறுக்கணும். உன் பேரக் கோத்தேன். 'ச' எடுத்தேன், 'ல' எடுத்தேன்... அப்புறம் கை போகல. அந்தச் சலங்கைய வெள்ளிக்கிழமை உன் கால்ல கட்டிவிட்டதே நான்தான்.

உர்சுலா: புரூஃப் பார்க்கிறவரு கண்டுபிடிக்கலையா?

ஆம்ப்ரோஸ்: அவரு தேர்தல் சேதியில மூழ்கிக் கிடந்தாரு. மூணாம் பக்கத்த யாரு பார்த்தா? நாளைக்கு நூர்தீன் ஆசிரியர்கிட்டப் போவாரு. வேலை போனாலும் போகட்டும். ஆசிரியர் தப்பா எழுதினாக் கூட அப்படியே கோத்தவன் நான்... தெரிஞ்சேதான் செஞ்சேன்.

உர்சுலா: ஐயோ... ஐயோ ஆண்டவரே...

ஆம்ப்ரோஸ்: பார்த்தியா, இதுக்குத்தான் சொல்ல மாட்டேன்னேன். அழாதே உர்சு. அந்த ஆளுக்கு என்ன தெரியும்...

உர்சுலா: அழலைங்க, சிரிக்கிறேன். இருங்க... மூச்சு முட்டுது. அந்த வரிய எழுதச் சொன்னதே நான்தான்.

ஆம்ப்ரோஸ்: என்ன?

உர்சுலா: ஆட்டம் முடிஞ்சதும் அரங்குக்குப் பின்னால நூர்தீனைப் பிடிச்சுச் சொன்னேன். 'அண்ணே, நான் சலங்கையக் கழட்டுறேன், இனிய காரணம்னு போடுங்க. அதுக்கு மேல கேக்காதீங்க'ன்னு. என் தலையத் தொட்டு துவா செஞ்சிட்டுப் போனாரு மனுசன்.

ஆம்ப்ரோஸ்: என்கிட்டச் சொல்லாம பேப்பர்காரர்கிட்ட...

உர்சுலா: உங்களுக்குச் சொல்லத்தான் பேப்பர்ல போடச் சொன்னேன்! என் சேதின்னா யாருக்கும் தர மாட்டீங்க, நீங்கதான் கோப்பீங்க. ஊருக்கு முன்னாடி உங்க கையிதான் தெரிஞ்சுக்கும்னு நெனச்சேன்.

ஆம்ப்ரோஸ்: வாயால சொன்னா என்ன?

உர்சுலா: வரலைங்க. முன்னாடி ரெண்டு தடவ வாயால சொன்னேன். ரெண்டு தடவையும் நீங்க தெரு பூரா முட்டாய் குடுத்தீங்க. அப்புறம் ரெண்டு தடவையும்... உங்க முகத்த என்னால பார்க்க முடியல. மூணாவது தடவ வாயத் தொறக்கப் பயமா இருந்துச்சு.

ஆம்ப்ரோஸ்: உர்சு... நீ... கொஞ்சம் இரு. இரு. அப்ப அந்தக் கடைசி வரி...

உர்சுலா: அதத்தான் கேக்குறேன். அதப் படிச்சும் உங்களுக்கு உறைக்கலையா?

ஆம்ப்ரோஸ்: நான் எங்க படிச்சேன்? சனிக்கிழமை அவசரத்துல நூர்தீன் எழுதின தாள மூணு துண்டா வெட்டி ஆளுக்கு ஒண்ணாக் குடுத்தாங்க. நடுத் துண்டு எனக்கு. அது சலங்கையோட முடியுது. கடைசித் துண்ட சாகுல் ஹமீது பாய் கோத்தாரு. கோத்து முடிச்சதும் எந்திரிச்சு வந்து என் கையப் பிடிச்சுக் குலுக்குறாரு. 'கோப்பி எப்ப வாங்கித் தரப் போற?'ன்னு கேக்குறாரு. நான் அந்தாளப் பிடிச்சுத் திட்டிட்டேன்!

உர்சுலா: பாவம் பாய்.

ஆம்ப்ரோஸ்: காலையில அச்சுல பார்த்தேன். 'இனிய காரணம்'னா நக்கல் பண்றாங்கன்னு நெனச்சேன். முட்டிய வெச்சு நக்கல்...

உர்சுலா: முட்டி, முட்டி! தில்லானா ஆடக் கூடாதுன்னு சொன்னது கண்டாங் கெர்பாவ் பிரசவ ஆஸ்பத்திரி டாக்டரம்மா. அங்க முட்டிக்கா வைத்தியம் பார்க்கிறாங்க?

ஆம்ப்ரோஸ்: எப்ப போன?

உர்சுலா: வியாழக்கிழமை. உட்கார்ந்து ஆடுறதா இருந்தா ஒரே ஒரு நாள் ஆடிக்கோன்னாங்க.

ஆம்ப்ரோஸ்: தெரிஞ்சிருந்தா உன்ன மேடை ஏறவே விட்டிருக்க மாட்டேன்.

உர்சுலா: அதுக்கும் சேர்த்துத்தான் சொல்லல. கடைசியா ஒரு தடவ உங்க கையால சலங்கை கட்டிக்கணும்னு இருந்துச்சு.

ஆம்ப்ரோஸ்: உனக்கு வருத்தமா இல்லையா? உசுருன்னியே ஆட்டத்த...

உர்சுலா: இருக்கு. பதம் ஆடும்போது அந்தக் கிழவர் மட்டுமா அழுதாரு? நானுந்தான். வருத்தமும் இருக்கு, சந்தோசமும் இருக்கு. ரெண்டும் சேர்ந்துதான் இருக்கு.

ஆம்ப்ரோஸ்: இப்ப நான் என்ன செய்யணும்? சொல்லு. கோவிந்தசாமி வீட்டுக்கு ஓடவா, நூர்தீன் கால்ல விழவா...

உர்சுலா: முதல்ல கண்ணத் தொடைங்க. இல்ல, இதுவும் தும்மலா?

ஆம்ப்ரோஸ்: தும்மல்தான். நாளைக்கு வேலைக்குப் போனதும் ஆசிரியர்கிட்ட நானே ஒத்துக்கிறேன். திருத்தம் போடச் சொல்வாரு. நானே கோத்துப் போட்டுர்றேன். நீ சொல்லு, என்னன்னு போடணும்?

உர்சுலா: எழுதிக்கோங்க. 'ஞாயிறு இதழில் ஒரு வரி விடுபட்டுவிட்டது. திருமதி உர்சுலா சலங்கையைக் கழற்றி வைக்கிறார். நான்கு மாதம் தாண்டிவிட்டது, இந்த முறை பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அச்சுக் கோக்கும் ஆம்ப்ரோஸ் அப்பா ஆகப் போகிறார்.' ...இதுல ஒரு வரியையும் எடுத்துராதீங்க.