ஏலக்காரருக்கு வந்த அழைப்பு

இல்ல பாஸ்டர், அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல உட்காருங்க. ஆர்லின் ஊருக்குள்ள வண்டிக்கு டயர் மாத்தப் போயிருக்காரு. வழியில யாராவது தும்மினாக்கூட நிறுத்தி ஜெபம் பண்ணிட்டுத்தான் வருவாரு. நமக்கு நேரம் இருக்கு. ருபார்ப் கேக் எடுத்துக்குங்க.

என்ன கேட்டீங்க? ஆமா, ஆர்லின ஆஸ்பத்திரில நோயாளிங்களுக்கு ஆறுதல் சொல்லி ஜெபம் பண்ற சாப்ளினா அனுப்பலாமான்னு உங்க சபைக் குழு முடிவு பண்றதுக்கு முன்னாடி பொண்டாட்டி என்கிட்டயும் ஒரு வார்த்த கேக்கணும். நல்ல பழக்கம்தான். கல்யாணம் ஆனதுலேருந்து இந்த வீட்ல என்னை யாரும் எதுவும் கேட்டதில்ல.

இந்த அயோவாவுல அவரு குரல் தெரியாத மாடு கிடையாது பாஸ்டர். முப்பது வருஷமா மாடும் பண்ணையும் ஏலம் விட்ட வாய். ஏலத்துல சத்தம் நின்னா நஷ்டம், யாரும் வெல கேக்கலேன்னா உடனே எதையாவது பேசி நிரப்பணும். அந்தப் பழக்கம் எங்க போகும்? நான் உப்புக்குக் கைய நீட்டறதுக்குள்ள மூணு கத சொல்லி முடிச்சுருவாரு.

ஆனா ஊழியத்துக்கு வந்த அழைப்பு நிஜம். அத நான் அடிச்சுச் சொல்லுவேன். ஹால்வர்சன் செத்தப்புறம் அவங்க பண்ணைய ஏலம் விட்டாங்க இல்லியா? டிராக்டர், கலப்ப எல்லாம் மளமளன்னு போயிருச்சு. கடைசியா சமையக்கட்டு மேசையத் தூக்கிட்டு வந்தாங்க. ஹால்வர்சன் சம்சாரம் இனெஸ் வாசல்ல நின்னு பாத்துட்டிருந்தா. இவரு மைக்க வாய்கிட்டக் கொண்டு போனாரு, சத்தம் வரல. அப்படியே கீழ வெச்சுட்டு, போயி அவ பக்கத்துல நின்னுட்டாரு. ஒரு வார்த்த பேசல. கூட்டமே தொப்பியக் கழட்டிட்டு நின்னுச்சு. அன்னிக்கு வீட்டுக்கு வந்து, கர்த்தர் என்னைக் கூப்பிட்டாரு மார்விஸ்னு குழந்த மாதிரி அழுதாரு. நானும் அழுதேன். மறுநாள் காலைலேருந்து வாய மூடல.

நீங்க அவருகிட்ட, காத்திருங்க, நிதானமா சோதிச்சுப் பாருங்கன்னு சொன்னீங்க. இவரு அத வெல பேசறதா எடுத்துக்கிட்டாரு. ரெண்டு வருஷம் காத்திருக்கணும்னா, ஒண்ணரையில முடிச்சுக்கலாமான்னு பிஷப்பையே கேட்டாராமே? ஓ, நீங்களும் அங்க இருந்தீங்களா? ஐயையோ, மானம் போச்சு.

அப்புறம் பயிற்சிக்குப் போனாரு. நோயாளிகூடப் பேசினத வார்த்தைக்கு வார்த்த எழுதிட்டுப் போயி, கூடப் படிக்கிறவங்க முன்னாடி வாசிக்கணுமாமே? நாலு பக்கம் எழுதினாரு மனுஷன். அதுல நோயாளி சொன்னது ஒரே ஒரு ம்ம். அதுவும் நர்ஸ் ஊசி போட்டப்ப.

இந்தக் கூத்தையும் கேளுங்க. வார்டுல ஒரு பெரியவரு நர்ஸக் கூப்பிட விரலத் தூக்கியிருக்காரு. விரல் தூக்கினவன் வாங்கத்தான் தூக்கறான்னு முப்பது வருஷம் பாத்த கண்ணாச்சே. ஜெபத்துக்குச் சம்மதம்னு எடுத்துக்கிட்டு ஆரம்பிச்சுட்டாரு. பாவம், அந்தப் பெரியவருக்கு ஒண்ணுக்கு முட்டுது. ஜெபம் நீள நீள விரல் உசருது, விரல் உசர உசர இவருக்கு உற்சாகம் தாங்கல. கடைசில நர்ஸ் வந்து நனைஞ்ச படுக்கைய மாத்தினா, அப்பத்தான் இவரு ஆமென் சொன்னாரு.

சிரிங்க, பரவால்ல. நானும் சிரிச்சேன். ஆனா அந்தக் கண்ணு லேசுப்பட்ட கண்ணு இல்ல. ஏலக் கொட்டகையில கடைசி வரிசையில ஒருத்தன் புருவத்த அசைச்சாலும் பிடிச்சுருவாரு.

சரி, உங்க கேள்விக்கு வர்றேன். வீட்ல காது கொடுத்துக் கேக்கறாரான்னு கேட்டீங்க. போன மாசம் நான் டி மாய்ன் பட்டணத்துக்குப் போனேன். சர்ச்சுல நாங்க தைக்கிற ஒட்டுப் போர்வைக்குத் துணி எடுக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன். வெறுங்கையோட திரும்பி வந்தேன். வாசல்லயே, என்ன வெல சொன்னான்னு கேட்டாரு. நான் வாயத் திறக்கறதுக்குள்ள பருத்தி வெல ஏறின கதய ஆரம்பிச்சாச்சு. மறுவாரமும் போனேன். மறுபடியும் வெறுங்கை. மறுபடியும் பருத்தி.

இல்ல பாஸ்டர், அங்க துணிக்கடை எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது. ஸ்கேன் எடுக்கப் போனேன். கணையத்துல. ஆமா, அதேதான். அடுத்த கோடை வரைக்கும் இருப்பேன்னு நெனைக்கிறாங்களாம். டாக்டர் சின்னப் பொண்ணு, சொல்றதுக்குள்ள அவளுக்கே கண்ணு கலங்கிருச்சு. உங்க காபி ஆறிப்போச்சே, மாத்தித் தரட்டுமா?

அவருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. மொதல்ல உங்ககிட்டதான் சொல்றேன். ஏன்னு எனக்கே புரியல. வந்ததுலேருந்து நீங்க அதிகமா பேசல, அதனால இருக்கும்.

கடைசி வரிசைப் புருவத்தக் கண்டுபிடிக்கிற மனுஷன் பாஸ்டர். நான் ஒரு மாசமா இதே மேசையில எதிர்ல, கையத் தூக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்.

அதனால இன்னும் கொஞ்சம் காத்திருக்கட்டும்னு குழுவுல சொல்லுங்க. வேண்டாம்னு மட்டும் சொல்லிராதீங்க, ஒடிஞ்சு போயிருவாரு. ஒரு வருஷம் போதும். இந்த வீட்லயே ஒரு நோயாளி இருக்கா, அவகிட்டப் பழகட்டும். அன்னிக்கு இனெஸ் பக்கத்துல நின்னாரே, அது மாதிரி என் பக்கத்துல ஒரு நாள் நின்னுட்டாருன்னா, அப்புறம் எந்த வார்டுக்கு வேணா அனுப்புங்க. எனக்கப்புறம் அவருக்கும் போக ஒரு எடம் வேணுமில்ல.

இதோ வண்டி வந்துருச்சு. கதவத் திறக்கறதுக்கு முன்னாடியே டயர்க்கடைக் கதைய ஆரம்பிச்சுட்டாரு, கேக்குதா? இல்ல, நீங்க எதுவும் சொல்ல வேணாம். இன்னிக்கு நானே சொல்லிடறேன். கெளம்பிராதீங்க பாஸ்டர், கூட இருங்க. நான் சொல்றப்ப அவரு எதாவது பேச வாயத் திறந்தாருன்னா, சும்மா அவரு கையப் பிடிச்சுக்குங்க.