சுனைக்குள்ள சொர்ணவல்லி

எங்க மலைக்கோட்டையில சாயங்காலக் காத்து ரொம்ப சொகமா இருக்கும் இன்ஸ்பெக்டர் ஐயா. ஒரு நாளைக்குக் குடும்பத்தோட வாங்க. நான்தான் இருக்க மாட்டேன்.

திருமயத்துக் கோட்டை பெரிசு, எங்களது சின்னதுதான். ஆனாலும் இந்தக் காவக்கார மலையாண்டி சொல்ற கதையைக் கேக்கன்னே எங்கிட்டிருந்தெல்லாமோ வருவாக. எதிரிப்படை கோட்டைக்குள்ள பூந்தப்ப, இளவரசி சொர்ணவல்லி மானத்தைக் காப்பாத்த உச்சியில இருக்குற சுனையில குதிச்சிருச்சு. உடம்பு மெதக்கவே இல்லை. பிள்ளைத்தாச்சிங்க அந்தச் சுனையில கண்ணாடி வளையல் போட்டா சுகமாப் பெத்துப் பொழைப்பாங்க. இதுல பாதி எங்கப்பா சொன்னது, மீதி நான் சேத்தது. சொர்ணவல்லின்னு பேரு வச்சதும் நான்தாங்க. எங்களுக்குப் பிள்ளைகுட்டி இல்லை.

செர்மன்காரன் சண்டை ஆரம்பிச்ச வருசம், செட்டியார் வீட்டு ஆச்சி ஒருத்தங்க மாசமா இருந்த மருமகளைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. அந்தப் பொண்ணு கண்ணு கலங்கக் கலங்க நான் சொல்லிக்கிட்டிருக்கேன். எம் பொண்டாட்டி செவந்தி கொடத்தோட அங்கிட்டு வந்தவ சிரிச்சிட்டா.

"இளவரசியாவது ஒண்ணாவது ஆச்சி. எங்க வீட்டுக்காரரு கட்டிவிட்ட கதை. நாளைக்கு வந்தீங்கன்னா ஒரு ராசாவையும் சேத்துச் சொல்லுவாரு."

அந்தப் பொண்ணு வளையலை மடியில முடிஞ்சுக்கிட்டுப் படியெறங்கிருச்சு. வீட்டுக்குள்ளயே கோடாலிக்காம்பு.

நான் கோவப்படலைங்க. அதைத் தெளிவா எழுதிக்கிடுங்க. நயமாத்தான் சொன்னேன்: "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுறோம். ஒரு பொய்யில ஆயிரம் பிரசவம் நடந்தா என்னடி? ஆச்சிகிட்டப் போயி, வெளையாட்டுக்குச் சொன்னேன்னு சொல்லிட்டு வா."

"ஒங்க பொய்க்கு நான் வேற முட்டுக்குடுக்கணுமாக்கும்? போங்க, ஊரே சிரிக்கப்போகுது"ன்னா.

அவ சொன்னது சரிதான், ஊர் சிரிச்சிருக்கும். கோட்டையில வேற என்ன இருக்குங்க, துருப்பிடிச்ச பீரங்கியும் ஆட்டுப்புழுக்கையும்தான். கதை போச்சுன்னா என்னை எவன் மதிப்பான்? எனக்கு பயமா இருந்துச்சு.

மறுநா காலையில தண்ணி மோக்கக் குனிஞ்சா. நான் பின்னால நின்னேன். ரொம்ப நேரம் ஆகலைங்க. பொணம் மெதந்தா கதை கெட்டுப்போகும் பாருங்க, அதனால பீரங்கிக்குப் போடுற கல்குண்டு ஒண்ணை முந்தின நாளே உருட்டிக் கொண்டாந்து வச்சிருந்தேன். அதை அவ சீலையிலயே இறுக்கிக் கட்டித் தள்ளிவிட்டேன்.

தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வந்த கங்காணியோட செவந்தி ஓடிப்போயிட்டான்னு ஊர்ல சொன்னேன். நான் சொன்னா நம்புவாங்க. எம் மாமியா இருளாயி மட்டும் நம்பலை.

அதுக்கப்புறமும் சுனையில வளையலா வந்து விழுந்துச்சு. சனத்தோட சேந்து நானும் கும்பிட்டேன்.

இந்த வருசம் மழை பொய்ச்சு, வத்தாத சுனையும் வத்திப்போச்சு. வளையல் குவியலுக்கு அடியில எலும்பு தெரிஞ்சுது. "தாயே சொர்ணவல்லி"ன்னு சனமெல்லாம் விழுந்து கும்பிட்டுச்சு. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப்போச்சுங்க. அந்த நேரம் பாத்துத்தானா இருளாயி எறங்கி, மெட்டியை எடுத்துத் தொடச்சுப் பாக்கணும்? "எம்மகடா பாவி"ன்னு என் துண்டைப் பிடிச்சு இழுத்தா. நல்ல காரியத்தைக் கெடுக்கன்னே வந்து சேந்தா.

செவந்தியைக் கொன்னது நான்தான். கைநாட்டு வைக்கிறேன், குடுங்க. ஒண்ணே ஒண்ணு ஐயா. பிள்ளைத்தாச்சிங்க நம்பி மலையேறி வாராங்க, பாவம். எலும்பு மட்டும் சொர்ணவல்லியோடதுன்னே எழுதிருங்க.