அஞ்சடிக்கு ஒரு வரி

தூங்கல நீங்க. தூங்குறவங்க முதுகு இப்படி வெறப்பா இருக்காது டீச்சர். நாப்பது நாளா இந்த ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடந்து எத்தனை முதுகு பாத்திருக்கேன். சரி, திரும்ப வேணாம். அப்படியே சுவத்தைப் பாத்தமேனிக்கே கேளுங்க. அந்தச் சுவத்துல பாக்கறதுக்கும் ஒண்ணும் இல்ல. பட்டி பூசி, அதை ஒழுங்கா தேய்க்காம மேல கலரை அடிச்சிருக்கான், மேடும் பள்ளமுமா கெடக்கு.

ஆமா, பெயிண்டர்தான். வீட்டுக்கு அடிக்கிற பெயிண்டர். இருபத்தாறு வருஷமா ஏணி மேலயே இருந்தவ. ஒரு வீட்ல சீலிங்குக்கு ரெண்டாவது கோட்டு அடிச்சிட்டு இருந்தேன், ஏணி வழுக்கிடுச்சு. இடுப்பு போச்சு, பெயிண்ட் வாளி தப்பிச்சிடுச்சு. ஒரு சொட்டு சிந்தலையாம். வீட்டுக்காரம்மா வந்து பாத்தப்ப அதைத்தான் மொதல்ல சொன்னாங்க.

காலைல அந்தப் பிசியோ பொண்ணு வந்து உங்களை எறங்கச் சொன்னப்ப என்ன சொன்னீங்க? தலைவலி. முட்டில ஆபரேஷன் பண்ணா தலை எப்படி வலிக்கும்? நல்லா டிமிக்கி குடுக்குறீங்க. ஸ்கூல்ல பசங்ககிட்ட கத்துக்கிட்டதா? ஆனா அதுகிட்ட இதெல்லாம் ஒரு நாளைக்குத்தான் நடக்கும். நாலு மணிக்கு மறுபடி வரும் பாருங்க. நான் அதுக்கு ட்ராபிக்னு பேரு வெச்சிருக்கேன். கைய நீட்டி நில்லுன்னா நிக்கணும், வான்னா வரணும்.

உங்களுக்காவது ஒரு வாரம் டைம் இருக்கு. எனக்கு நாளைக்குக் காலைல டெஸ்ட்டு. பெரிய டாக்டர் வந்து நிப்பாரு. வாக்கரைப் புடிச்சிக்கிட்டு வராந்தா மூலை வரைக்கும் போய்த் திரும்பிட்டா, போகப் போகப் படியும் ஏறிடுவாங்கன்னு எங்க வீட்டுக்கே அனுப்பிடுவாரு. மூணாவது மாடி, லிப்ட்டு கெடையாது. நான் ஒருத்திதான். ஜன்னலைத் தொறந்தா ஊரே தெரியும். நடக்கலேன்னா தம்பி வீடு. கீழ் ரூமை ஒழிச்சுக் கட்டில் போட்டு, பக்கத்துல ஒரு மணி வேற வெச்சிருக்கானாம். அக்கா, உனக்கு எது வேணும்னாலும் மணி அடிச்சா போதுங்குறான். நல்லவன்தான், தங்கமான பையன். நாப்பத்தெட்டு வயசுல மணி அடிச்சுத் தண்ணி கேக்கணுமா நான்? என் ஏணியைக் கூட யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டான். இனிமே உனக்கு எதுக்குக்கான்னு சொன்னான். எனக்கு வந்த கோவத்துக்கு எழுந்து நிக்க முடிஞ்சிருந்தா ரெண்டு போட்டிருப்பேன்.

நடப்பேன் நடப்பேன். எனக்கென்ன. உங்க கதைக்கு வருவோம்.

வராந்தாவுல தாள் ஒட்டியிருக்கறதைப் பாத்தீங்களா? எங்க பாத்திருப்பீங்க, படுத்தமேனிக்கு விட்டத்தைப் பாத்துக்கிட்டே வந்திருப்பீங்க. அது கவிதை. ட்ராபிக் எழுதினது. ஒரே கவிதைதான், ஆனா ஒரு தாளுக்கு ஒரு வரி. அஞ்சு அடி எடுத்து வெச்சாத்தான் அடுத்த தாள். மொத்தம் பத்து. ஆறு தாள் நேர் வராந்தாவுல, மிச்சம் நாலு மூலை திரும்பினப்புறம். படிச்சு முடிச்சவங்க வெளிய சொல்லக்கூடாதுன்னு கண்டிஷன் வேற.

எனக்குக் கவிதை மேல கோவம் இல்ல, டேப்பு மேலதான். அதைப் பிரிச்சா பெயிண்ட்டும் சேந்து உரிஞ்சு வரும்மா, சுவர் பாழாயிடும்னு சொன்னேன். அப்ப நீங்களே நடந்து வந்து பக்குவமா பிரிச்சிடுங்கன்னு சொல்லிட்டுப் போயிடுச்சு. வாயாடி. எனக்கு மேல.

மொத வரி என்ன தெரியுமா? விழுந்த இடம் உன் வீடு இல்லை. கரெக்ட்டுதான். நான் விழுந்தது கஸ்டமர் வீட்டு ஹால். ரெண்டாவது, எழுந்து நில், தரை தாங்கும். தரை தாங்கும்மா, இடுப்பு தாங்கணுமேன்னு கேட்டேன். அது கைய நீட்டி வா வான்னுச்சு. இப்படி வரிக்கு வரி நக்கல் பண்ணிக்கிட்டேதான் போனேன். மொத நாள் ஒரு தாள், ரெண்டு நாள் கழிச்சு இன்னொண்ணு.

மூணாவதுல மாட்டிக்கிட்டேன். நேற்று வலித்தது, இன்றும் வலிக்கும். அவ்வளவுதான் எழுதியிருந்துச்சு. அங்கயே நின்னு மொதல்ல சிரிச்சேன். அப்புறம் பாத்தா அழுதுக்கிட்டு இருக்கேன். பாக்க வர்றவங்க எல்லாரும் சரியாயிடும் சரியாயிடும்னு ஒரு கோட்டு அடிச்சிட்டுப் போனாங்க டீச்சர். அந்தத் தாள் ஒண்ணுதான் வலிக்கும்னு சொல்லுச்சு. சொன்னதும் ஒரு தைரியம் வந்துச்சு. வலிச்சா தப்பு ஒண்ணும் நடக்கல, வலிக்கத்தான் செய்யும், அவ்வளவுதானேன்னு. அன்னைக்கு ட்ராபிக் போதும்னு சொல்லியும் கேக்காம நாலாவதுக்குப் போயிட்டேன்.

நாலாவதா? வழியைக் கால் மறந்து போகவில்லை. என்ன, மறப்பதில்லைன்னு இருந்தா நல்லாருக்குமா? அப்ப செவப்புப் பேனாவை எடுத்துக்கிட்டு நேர்ல வந்து திருத்துங்க. பாத்தீங்களா, தப்புன்னதும் எப்படித் திரும்பிட்டீங்க. மொகம் நல்லாத்தானே இருக்கு, இதைப் போய் சுவத்துக்குக் காட்டிக்கிட்டு இருந்தீங்க.

அஞ்சாவது, ஒவ்வோர் அடியும் ஒரு பதில். யாரு என்ன கேள்வி கேட்டான்னு போடல. ஆனா எனக்கு என் தம்பி மூஞ்சிதான் ஞாபகம் வந்துச்சு. ஒவ்வொரு அடிக்கும் அவனுக்கு ஒரு பதில் சொல்லிக்கிட்டே போனேன். சிலது உங்க முன்னாடி சொல்ற மாதிரி இல்ல.

ஆறாவது மூலைக்கிட்ட. பயமும் கூட வரட்டும், அதற்கும். அவ்வளவுதான், அதோட நிறுத்திடுச்சு. அதுக்கும் என்ன? வழி இருக்கா, கால் இருக்கா, வேலை இருக்கா? மிச்சம் அந்தப் பக்கம். எமகாதகப் பொண்ணு டீச்சர் அது. ஆளை எங்க நிறுத்தினா அடுத்த அடி வெப்பாங்கன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு.

எனக்குத் தெரியாமலா? கண்டிஷன் இருக்கே, சொல்லக்கூடாது. சரி, உங்களுக்காக. ஏழாவது வரி, கேண்டீன் இடது பக்கம். எட்டாவது, டீ ஆறிப்போயிருக்கும். ஏன் சிரிக்கிறீங்க, நெஜமாத்தான்.

இல்ல, கதைதான் விட்டேன்.

நான் நடந்தே பாக்கலேன்னா சொல்றீங்க? நல்லாத்தான் கவனிச்சிருக்கீங்க. சுவத்தைப் பாத்துக்கிட்டே இருந்தாலும் காது இங்கதான் இருந்திருக்கு. ஆமா, பாத்ரூமுக்கும் சக்கர நாற்காலிதான். வாக்கர் அந்த ஓரத்துல சும்மாத்தான் நிக்குது. பதினெட்டு நாளாச்சு. ஆறாவது தாளைப் படிச்சதும் ஒரு வேகம் வந்து, ட்ராபிக் வர்றதுக்குள்ள மூலை திரும்பப் போனேன், விழுந்துட்டேன். எலும்புக்கு ஒண்ணும் ஆகல. எக்ஸ்ரே போட்டோ எடுத்துப் பாத்து, தாராளமா நடக்கலாம்னுட்டாங்க. ஆனா அன்னையிலருந்து காலைக் கீழ வெக்கப் போனாலே அது தானா மேல இழுத்துக்குது. தெனம் ஒரு சாக்கு சொல்றேன். தலைவலி, வயித்துவலி, மயக்கம். நீங்க இன்னைக்குக் காலைல ஆரம்பிச்சதுல நான் பட்டம் வாங்கினவ. பயமா இருக்கு டீச்சர். இருபத்தாறு வருஷம் ஏணி மேல நின்னவளுக்குத் தரையில நிக்க பயமா இருக்கு.

அதனால ஒரு திட்டம். நாலு மணிக்கு ட்ராபிக் வந்ததும், இந்த டீச்சர் தனியா வர மாட்டேன்னு அடம் புடிக்கிறாங்க, பாவம், நானும் துணைக்கு வரேன்னு சொல்லப்போறேன். நீங்க ஆமான்னு தலையாட்டினா போதும். உங்களுக்கு மொத தாள் வரைக்கும், எனக்கு மூலை வரைக்கும். நீங்க மொத தாள்கிட்ட நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டு என்னைப் பாத்துக்கிட்டே இருங்க. வேற ஒண்ணும் வேணாம்.

என்ன, போட்டோ எடுக்க அந்தப் பக்கமாத்தானே போயிருக்கணும், மிச்சம் கண்ணுல பட்டிருக்குமேன்னு கேக்குறீங்களா? டீச்சர்னா டீச்சர்தான். ஆமா, சக்கர நாற்காலியில வெச்சு அந்த நாலு தாளையும் தாண்டித்தான் தள்ளிக்கிட்டுப் போனாங்க. போறப்ப ஒரு தடவை, வர்றப்ப ஒரு தடவை. ரெண்டு தடவையும் நான் கண்ணை இறுக்க மூடிக்கிட்டேன். உக்காந்துக்கிட்டுப் படிக்கிறதுக்கா அத்தனை அடி நடந்தேன்? வலியிலதான் மூடிட்டு இருக்கேன்னு நெனச்சு நர்ஸு வழி முழுக்க தலையைத் தடவிக்கிட்டே வந்துச்சு. தடவட்டும்னு விட்டுட்டேன்.